வாக்கியக் கணக்கை மாணவர்களே எழுதி, மாணவர்களே சரிபார்த்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முறை இதுதான். இயற்கணித வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் சொந்தமாக ஒரு வாக்கியக் கணக்கு எழுதுகிறார். வகுப்பில் வேறு இருவர் அதைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்து, எங்கே தடுக்கியது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எழுதியவர் அதைப் படித்துவிட்டுக் கணக்கைத் திருத்தி எழுதுகிறார். இதை முயன்று பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள், நடுவில் சிக்கிக்கொண்டவர்கள், "இது என்ன புது வேலை?" என்று கேட்கும் பெற்றோர், மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன்.

பாடப்புத்தகத்தில் கணக்குக்கு என்ன பஞ்சம்? மாணவர்கள் ஏன் எழுத வேண்டும்?

பஞ்சமே இல்லை. ஆனால் புத்தகக் கணக்குக்கு ஒரு குணம் உண்டு. தேவையான விவரம் எல்லாம் அதில் இருக்கும். தேவையில்லாத விவரம் ஒன்றுகூட இருக்காது. விடை அழகாக வரும். எந்த முறையில் போட வேண்டும் என்பதைப் பாடத் தலைப்பே காட்டிக்கொடுத்துவிடும். நாலைந்து ஆண்டுகள் இப்படிப் போட்டுப் பழகிய பிள்ளை கணக்கைப் படிப்பதையே விட்டுவிடுகிறது. எண்களைப் பொறுக்கி எடுக்கிறது, எதையாவது கூட்டுகிறது அல்லது பெருக்குகிறது.

1980ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மக்குகள் என்று சொல்லிவிட முடியாது. வகுப்பில் கொடுத்த கணக்கு என்றால் அதற்கு விடை இருந்தே தீரும் என்ற எழுதாத சட்டத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

கணக்கை எழுத உட்காருபவருக்கு அந்தச் சட்டம் உதவாது. விடை இருக்கிறதா, ஒரே விடைதானா, கொடுத்த விவரம் போதுமா என்று பார்க்க வேண்டியவர் அவரேதான். இந்த முறையின் பயன் முழுவதும் இந்த ஒரு பொறுப்பிலிருந்துதான் வருகிறது.

எந்த வகுப்பிலிருந்து தொடங்கலாம்?

ஒரு மாறி உள்ள நேரிய சமன்பாட்டைத் தடுமாறாமல் தீர்க்கத் தெரிந்தால் போதும். ஒருங்கமை சமன்பாடுகள் (இரண்டு மாறிகளை ஒன்றாகக் கண்டுபிடிக்க உதவும் இரண்டு சமன்பாடுகள்) வரும் வகுப்பில் சுவை கூடும். இருபடிச் சமன்பாட்டில் இன்னும் கூடும், ஏனென்றால் இரண்டு விடைகளில் ஒன்றைக் கதை விரட்டிவிடும்.

"கணக்கு எழுது" என்றால் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

விடையிலிருந்து. முதலில் விடை, அப்புறம் சமன்பாடு, கடைசியில்தான் கதை. பெரும்பாலானவர்கள் கதையில் தொடங்கி நடுவழியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வயதுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மகனுக்கு 12, தந்தைக்கு 40 என்று முதலில் முடிவு செய்துகொள்ளட்டும். வித்தியாசம் 28, அது எந்தக் காலத்திலும் மாறாது. இப்போது ஆண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். 2 ஆண்டுகள் கழித்து 14, 42 — சரியாக மூன்று மடங்கு. 5 ஆண்டுகளுக்கு முன் 7, 35 — சரியாக ஐந்து மடங்கு. கணக்கு தானாகவே கைக்கு வந்துவிட்டது: "5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப்போல் ஐந்து மடங்காக இருந்தது. இன்னும் 2 ஆண்டுகளில் மூன்று மடங்காக இருக்கும். இருவரின் இப்போதைய வயது என்ன?" தந்தையை த, மகனை ம என்று வைத்தால் த − 5 = 5(ம − 5), த + 2 = 3(ம + 2). தீர்த்தால் ம = 12, த = 40.

இதைச் செய்யும்போதே ஒன்று கண்ணில் படும்: ஆண்டு ஏற ஏற மடங்கு குறைகிறது. இதைக் கவனிக்காமல் கதையில் தொடங்குபவர், "இப்போது தந்தையின் வயது மகனைப்போல் இரு மடங்கு, 5 ஆண்டுகள் கழித்து மூன்று மடங்கு" என்று தயங்காமல் எழுதிவிடுவார். போட்டுப் பார்த்தால் மகனுக்கு வயது −10. இன்னொரு வகையும் உண்டு: "இப்போது நான்கு மடங்கு, 10 ஆண்டுகளுக்கு முன் ஆறு மடங்கு." இதற்கு விடை குறை எண் இல்லை, சமன்பாடும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மகனுக்கு 25, தந்தைக்கு 100. மகன் பிறந்தபோது தந்தைக்கு 75! இயற்கணிதம் இதைக் கண்டுகொள்ளாது, படிக்கிறவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

சரிபார்ப்பவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கணக்கைப் போட வேண்டும். கருத்தெல்லாம் அதற்கு அப்புறம்தான். போடாமலே "நன்றாக இருக்கிறது", "இன்னும் கடினமாக எழுதலாம்" என்று எழுதும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். அதை வளரவிட்டால் மொத்த வேலையும் வாழ்த்து அட்டை பரிமாற்றமாகிவிடும்.

சரிபார்ப்புத் தாளில் மூன்று விஷயங்கள் போதும்: நான் அமைத்த சமன்பாடு, எனக்குக் கிடைத்த விடை, நான் இரண்டாவது முறை படிக்க வேண்டியிருந்த வாக்கியம். மூன்றாவதை மாணவர்கள் அலட்சியமாக நினைப்பார்கள். எழுதியவருக்கு அதிகம் உதவுவது அதுதான். "மூன்றாம் வரியில் 'அவன்' யார் என்று தெரியவில்லை, ராஜாவா ரவியா?" என்ற ஒரு வரி, பத்து வரிப் பாராட்டைவிட மேல்.

ஒரே ஒரு கண்டிப்பான விதி: எழுதியவரும் சரிபார்ப்பவரும் அந்த நேரத்தில் பேசக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னன்னா..." என்று எழுதியவர் வாய் திறந்தால் ஆட்டம் முடிந்தது. சொல்ல வந்தது தாளில் இருக்க வேண்டும். முடிந்தால் பெயரை மறைத்துக் கொடுங்கள். நண்பன் எழுதியது என்று தெரிந்தால் சந்தேகம் வந்தாலும் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

சரிபார்த்தவர்களின் விடையும் எழுதியவரின் விடையும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்றுதானே பொருள்?

இல்லை. கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்:

"ஒரு செவ்வகத் தோட்டத்தின் நீளம் அதன் அகலத்தைவிட இரு மடங்கு அதிகம். தோட்டத்தின் சுற்றளவு 48 மீட்டர். தோட்டத்துக்கு வெளியே சுற்றிலும் 1 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால், பாதையின் பரப்பளவு என்ன?"

முதலில் சரிபார்த்தவர் அகலத்தை அ என்று வைத்து, நீளம் 2அ என்று எடுத்துக்கொண்டார். 6அ = 48; அகலம் 8, நீளம் 16. பாதையையும் சேர்த்தால் 10க்கு 18, அதாவது 180. தோட்டம் 128. பாதை 52 சதுர மீட்டர்.

இரண்டாமவர், "இரு மடங்கு அதிகம்" என்றால் அகலத்தோடு இன்னும் இரண்டு அகலம் சேர வேண்டும் என்று படித்தார். நீளம் 3அ. 8அ = 48; அகலம் 6, நீளம் 18. பாதையோடு 8க்கு 20, அதாவது 160. தோட்டம் 108. பாதை 52 சதுர மீட்டர்.

எழுதியவர் வைத்திருந்த விடையும் 52. மூவரும் ஒத்துப்போய்விட்டார்கள். விடையை மட்டும் ஒப்பிடும் வகுப்பில் இந்தக் கணக்கு முழு மதிப்பெண்ணோடு வெளியே போயிருக்கும். ஆனால் இருவர் மனத்திலும் இருந்தவை இரண்டு வேறு தோட்டங்கள். சமன்பாட்டை எழுதச் சொன்னதால்தான் அது வெளியே வந்தது. 48 என்பது 6ஆலும் 8ஆலும் மீதியில்லாமல் வகுபடுகிறது. அதனால் எந்தப் பக்கம் போனாலும் முழு எண்தான் கிடைக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

சரி, விடை ஏன் ஒத்துப்போனது? பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். நான்கு பக்கங்களையும் ஒட்டிய பட்டைகளின் மொத்த நீளம் 48, அகலம் 1. அது 48 சதுர மீட்டர். நான்கு மூலைகளில் 1க்கு 1 சதுரங்கள் நான்கு. மொத்தம் 52. நீளம் என்ன, அகலம் என்ன என்ற கேள்வியே வரவில்லை. சுற்றளவு 48 உள்ள எந்தச் செவ்வகத்துக்கும் விடை இதேதான். அப்படியென்றால் கணக்கின் முதல் வாக்கியம் தேவையே இல்லை!

இப்போது எழுதியவருக்கு இரண்டு வழிகள். தோட்டத்தின் பரப்பளவைக் கேட்கலாம். அப்போது "நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு" என்று ஐயமில்லாமல் எழுதியாக வேண்டும், ஏனென்றால் ஒரு பொருளில் பரப்பளவு 128, இன்னொரு பொருளில் 108. அல்லது முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு, சுற்றளவு மட்டும் தெரிந்த தோட்டத்தைச் சுற்றியுள்ள பாதையின் பரப்பளவைக் கேட்கலாம். "நீளம் அகலம் தெரியாமல் எப்படி?" என்று படிப்பவரைத் திகைக்க வைக்கும் இரண்டாவது கணக்குதான் எனக்குப் பிடித்தது. அது தொடங்கிய இடத்தைவிட எவ்வளவோ நல்ல கணக்கு. "வெளியே" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடக் கூடாது. எல்லைக்கு உள்ளே போட்டால் பாதை 44 சதுர மீட்டர்தான்.

எழுத்தில் எந்த இடங்களில் குழப்பம் அதிகம்?

"மடங்கு அதிகம்" முதல் இடம். மேலே பார்த்தாயிற்று. "போல் மூன்று மடங்கு" என்று எழுதச் சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது எது வரை சேரும் என்ற குழப்பம். "ஒரு எண்ணின் இரு மடங்கும் 4ம் சேர்ந்தது" என்றால் 2எ + 4. "ஒரு எண்ணோடு 4ஐச் சேர்த்து, வந்ததை இரு மடங்காக்க" என்றால் 2(எ + 4). ஆனால் "ஒரு எண்ணும் 4ம் சேர்ந்ததின் இரு மடங்கு" என்று வேகமாக எழுதுகிறவர்கள் எதை நினைத்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் முதலாவதைச் சொல்வார்கள். சமன்பாட்டில் அடைப்புக்குறி செய்யும் வேலையை வாக்கியத்தில் "வந்ததை", "கிடைத்ததை" போன்ற சொற்கள்தான் செய்ய வேண்டும்.

"இப்போது", "அப்போது", "பிறகு" ஆகிய மூன்றும் வயதுக் கணக்கில் தனித் தலைவலி. வேகக் கணக்கில் "சராசரி" வந்தால் சரிபார்ப்பவர் ஒரு முறை நிறுத்திப் பார்க்கட்டும். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60 என்றால் மொத்தப் பயணத்தின் சராசரி 48. எழுதியவர் 50 என்று விடை வைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

சமன்பாட்டைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். அடிப்படையே சரியில்லாதவர்களை ஒருவரையொருவர் சரிபார்க்கவிட்டால் என்ன ஆகும்?

தலைகீழாக எழுதுவது அடிப்படை தெரியாதவர்கள் மட்டும் செய்வது இல்லை. "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், இதைச் சமன்பாடாக எழுதுக" என்ற கேள்வி கணிதக் கல்வி ஆய்வில் புகழ்பெற்றது. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் 1982இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் முதலாண்டு மாணவர்கள் 150 பேரில் 37 சதவீதம் பேர் தவறாக எழுதியிருந்தார்கள். மாணவர்களின் எண்ணிக்கையை ம, பேராசிரியர்களின் எண்ணிக்கையை ப என்று வைத்தால், தவறியவர்களில் பெரும்பாலானோர் எழுதியது 6ம = ப. சரியானது ம = 6ப.

இதில் நடப்பது என்னவென்றால், ம என்ற எழுத்தை "மாணவர்களின் எண்ணிக்கை" என்று படிக்காமல் "மாணவர்" என்ற பெயர்ச்சீட்டாகப் படிக்கிறார்கள். ஆறு மாணவருக்கு ஒரு பேராசிரியர், ஆகவே 6ம = ப. வாக்கியத்தின் வரிசையையும் அப்படியே பின்பற்றிவிடுகிறார்கள். இதைப் பிடிக்க எளிய வழி, ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பார்ப்பது. பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60 பேர் இருக்க வேண்டும். 6 × 60 = 10 ஆகுமா?

சரிபார்ப்பில் இது நன்றாகவே வெளிப்படும், ஏனென்றால் எழுதியவர் விடையிலிருந்து தொடங்கியிருக்கிறார். தலைகீழாக எழுதினால் தன் விடையே தன் சமன்பாட்டில் பொருந்தாது. இருவரும் ஒரே மாதிரி தலைகீழாக எழுதி ஒத்துப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அதனால் "விடையைக் கதையில் வைத்துப் பார்த்தேன்" என்று ஒரு வரியைச் சரிபார்ப்புத் தாளில் கட்டாயமாக்குங்கள். சமன்பாட்டில் வைத்துப் பார்ப்பது போதாது. சமன்பாடே தவறாக இருந்தால் அதன் விடை அதில் பொருந்தத்தானே செய்யும்?

விடை முழு எண்ணாகத்தான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் சுருளில், 3500 ஆண்டுகளுக்கும் முந்தையது அது, "ஓர் அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அளவு என்ன?" என்று ஒரு கணக்கு இருக்கிறது. விடை 16⅝. எண் அழகாக வருவதைப் பற்றி அதை எழுதியவர் கவலைப்படவில்லை.

கதை என்ன சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீளம், நேரம், எடை பின்னத்தில் வரலாம். ஆட்களும் நாற்காலிகளும் வர முடியாது. அமெரிக்காவில் 13 வயது மாணவர்களுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி: ஒரு பேருந்தில் 36 பேர் போகலாம், 1128 படைவீரர்களை அழைத்துப்போக எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் பலர். ஆனால் 29 சதவீதம் பேர் "31 மீதி 12" என்று எழுதினார்கள். 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 சதவீதம்தான். மீதி 12 பேரை நடந்து வரச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. சொந்தமாகக் கணக்கு எழுதும் பிள்ளை, "இங்கே மீதி வந்தால் என்ன செய்வது?" என்று தானே தீர்மானித்தாக வேண்டும்.

புத்தகக் கணக்கில் எண்ணையும் பெயரையும் மாற்றிக் கொண்டுவருகிறார்கள். இதை ஏற்கலாமா?

பெயரை மாற்றினால் ஏற்காதீர்கள். எண்ணை மாற்றினால், மாற்றி என்ன ஆனது என்று கேளுங்கள். அங்கே நிறைய சரக்கு இருக்கிறது.

"ஓர் ஈரிலக்க எண்ணின் இலக்கங்களின் கூடுதல் 9. இலக்கங்களை இடம் மாற்றினால் கிடைக்கும் எண் முதல் எண்ணைவிட 27 அதிகம்." விடை 36. இதில் 27ஐ 20 ஆக்கிப் பாருங்கள்: விடையே இல்லை. ஏனென்றால் இலக்கங்களை இடம் மாற்றினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்குதான். சரி, 9இன் மடங்காகவே 36 போடலாம் என்றால் அதுவும் நடக்காது. இலக்கங்களின் வித்தியாசம் 4, கூடுதல் 9, ஒன்று இரட்டை, மற்றது ஒற்றை, இலக்கம் 6.5 என்று வந்து நிற்கும். 45 போட்டால் 27, 72 என்று பொருந்திவிடும். ஓர் எண்ணை மாற்றப் போய், எந்த எண்ணெல்லாம் பொருந்தும் என்ற விதியையே கண்டுபிடித்துவிட்டார் அந்த மாணவர். இதை நகல் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

ஸ்டீபன் பிரவுன், மரியன் வால்டர் என்ற கணிதக் கல்வியாளர்கள் இருவர் கணக்கு உருவாக்குவதற்குச் சொன்ன வழியும் ஏறக்குறைய இதுதான். கணக்கில் கொடுத்துள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "இது இப்படி இல்லாவிட்டால்?" என்று கேட்டுக்கொண்டே போவது. ஈரிலக்கம் இல்லாமல் மூவிலக்கமாக இருந்தால்? கூடுதலுக்குப் பதில் பெருக்கற்பலன் கொடுத்தால்?

தீர்வே இல்லாத கணக்கை எழுதிவிட்டால்?

வகுப்புக்கு விருந்து. 10 சதவீத உப்புக் கரைசலையும் 30 சதவீத உப்புக் கரைசலையும் கலந்து 35 சதவீதக் கரைசல் செய்யச் சொல்லும் கணக்கு அடிக்கடி வரும். சமன்பாடு தயங்காமல் ஒரு விடை தரும். ஏதாவது ஒரு கரைசலின் அளவு குறை எண்ணாக இருக்கும். ஏன் என்பதைச் சமன்பாடு இல்லாமலே சொல்லச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், எல்லையில்லாமல் விடை உள்ள கணக்கு: "இரண்டு எண்களின் கூடுதல் 30. முதல் எண்ணின் இரு மடங்கையும் இரண்டாம் எண்ணின் இரு மடங்கையும் கூட்டினால் 60." எழுதியவர் 12, 18 என்று விடை வைத்திருப்பார். சரிபார்த்தவர் 10, 20 என்று கொண்டுவருவார். இருவர் சொல்வதும் பொருந்தும். இரண்டாவது வாக்கியம் புதிதாக எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைக்கும். சார்ந்த சமன்பாடுகள் பற்றிய பாடத்தை அன்றைக்கு நடத்துவது எளிது.

மதிப்பெண் எப்படிப் போடுவது?

மாணவர்கள் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் சரிபார்ப்பு அரசியலாகிவிடும். ஆசிரியர் இரண்டுக்கு மதிப்பெண் தரலாம்: முதல் வடிவத்துக்கும் திருத்திய வடிவத்துக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது, அந்த மாணவர் மற்றவர்களுக்கு எழுதிய சரிபார்ப்புத் தாள் எப்படி இருக்கிறது. முதல் வடிவத்துக்கு மதிப்பெண் இல்லை. அதற்கு மதிப்பெண் கொடுத்தால் எல்லோரும் பாதுகாப்பாக "ஒரு எண்ணோடு 5ஐக் கூட்டினால் 12" என்று எழுதிக் கொண்டுவருவார்கள்.

கருத்துகள் மனதைப் புண்படுத்துகின்றன. அல்லது "சூப்பர்" என்று மட்டும் எழுதுகிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எழுதியவரைப் பற்றி எழுதுகிறார்கள். கணக்கைப் போடும்போது தனக்கு என்ன நடந்தது என்று எழுதச் சொல்லுங்கள். "உனக்கு எழுதவே தெரியவில்லை" என்பதற்குப் பதிலாக, "இரண்டாம் குழாய் எப்போது திறக்கப்பட்டது என்று தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகத் திறந்ததாக வைத்துப் போட்டேன்." இதில் குறையும் சொல்லியாயிற்று, யாருக்கும் வலிக்கவில்லை, எதைத் திருத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. முதல் தடவை ஆசிரியரே ஒரு கணக்கை வேண்டுமென்றே ஓட்டையோடு எழுதிக் கொடுத்து, வகுப்பு முழுவதும் சேர்ந்து சரிபார்த்தால் இந்த நடை பிடிபட்டுவிடும். ஆசிரியரின் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு உள்ள உற்சாகம் தனி.

கணக்கில் பின்தங்கிய மாணவர் மற்றவர் கணக்கை எப்படிச் சரிபார்ப்பார்?

நன்றாகவே சரிபார்ப்பார். கெட்டிக்கார மாணவர் எழுத்தில் உள்ள ஓட்டையைத் தானே ஊகித்து நிரப்பிவிட்டு, ஓட்டை இருந்ததையே கவனிக்காமல் தாண்டிப் போய்விடுவார். தட்டுத்தடுமாறிப் படிப்பவர்தான் அந்த இடத்தில் நிற்பார். அதனால் ஒவ்வொரு கணக்குக்கும் வேகமாகப் போடுபவர் ஒருவரும் நிதானமாகப் போடுபவர் ஒருவரும் அமையும்படி பாருங்கள். அதற்காக "கெட்டிக்காரர், மந்தமானவர்" என்று அறிவித்துப் பிரித்துவிடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால்?

வரத்தான் செய்வார்கள். தடுக்க நினைத்துக் காவல் காப்பதைவிட, அதையும் இன்னொருவர் எழுதிய சரிபார்க்காத வரைவாக நடத்துவது மேல். இருவர் போட்டுப் பார்க்கட்டும். அப்புறம் கொண்டுவந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி: "இந்த எண்ணை மாற்றினால் விடை என்ன ஆகும்? எந்த எண்ணைப் போட்டால் கணக்கு உடையும்?" கணக்கை உள்ளே போய்ப் பார்த்தவர் சொல்லிவிடுவார். மற்றவர் எங்கிருந்து கொண்டுவந்தார் என்பதை நீங்கள் கேட்கவே வேண்டியதில்லை.

இதற்கு நேரம் எங்கே இருக்கிறது? பாடம் முடிய வேண்டாமா?

வாரம்தோறும் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு முறை போதும். எழுதுவதை வீட்டு வேலையாகவும், சரிபார்ப்பதை ஒரு வகுப்பாகவும், திருத்துவதை மறுபடி வீட்டு வேலையாகவும் வைத்தால் வகுப்பு நேரம் ஒன்றுதான் போகும். அன்றைக்குப் போட வேண்டிய பயிற்சிக் கணக்குகளுக்குப் பதில் பிள்ளைகள் சக மாணவர்களின் கணக்குகளைப் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

எழுதியவர் "என் கணக்கில் தவறே இல்லை, அவனுக்குத்தான் புரியவில்லை" என்று பிடிவாதம் பிடித்தால்?

சில சமயம் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். சரிபார்ப்பவரும் தவறலாம், அதற்காகத்தான் இருவர். இருவரும் ஒரே இடத்தில் தடுக்கியிருந்தால் வாக்கியத்தை மாற்றியே ஆக வேண்டும், விவாதம் கிடையாது. ஒருவர் மட்டும் தடுக்கியிருந்தால் எழுதியவர் முடிவு செய்யலாம். ஆனால் மாற்றாததற்கான காரணத்தை எழுத்தில் ஒரு வரியாகத் தர வேண்டும். அந்த ஒரு வரியை எழுத உட்காரும்போதே பலர் வாக்கியத்தை மாற்றிவிடுகிறார்கள்.

திருத்தி முடித்த கணக்குகளை என்ன செய்வது?

முதல் வடிவம், இரண்டு சரிபார்ப்புத் தாள்கள், திருத்திய வடிவம் ஆகிய நான்கையும் ஒன்றாகத் தைத்து வையுங்கள். அடுத்த ஆண்டு வகுப்புக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது, தோட்டக் கணக்கு போன்ற ஒன்றைப் படிக்கக் கொடுத்து, திருத்திய வடிவத்தை மட்டும் மறைத்து வைத்து, "நீங்கள் என்றால் எப்படி மாற்றுவீர்கள்?" என்று கேட்கலாம். வகுப்புத் தேர்வில் ஒன்றிரண்டைச் சேர்ப்பதும் நல்லதுதான். அப்படிச் சேர்த்தால் எண்களை மாற்றுங்கள், மாற்றிய பிறகு விடை இன்னும் வருகிறதா என்று நீங்களும் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.